இசைக்கருவியைக் கூரியரில் அனுப்புவது எப்படி: கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பெட்டியின் மேல் ஒட்டும் 'உடையும் பொருள், கவனம்' ஸ்டிக்கரை நம்பி எந்தக் கருவியையும் அனுப்பாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு லாரியிலிருந்து சரக்கு இறக்குகிற ஆளுக்கு அதைப் படிக்க நேரமும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. கோவையில் பதிவு செய்த பார்சல் சென்னையில் ஒரு வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பலமுறை கை மாறும். கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் இடுப்பு உயரத்திலிருந்து ஒருதரம் கீழே விழும், அதன்மேல் ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஏறும் என்று வைத்துக்கொண்டு கட்டுங்கள். அப்படிக் கட்டிய பெட்டிக்கு ஸ்டிக்கரே தேவைப்படாது. ஒட்டுவதானால் ஒட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

கட்டும் முறைக்கு அடிப்படை இரண்டே விஷயம். கருவி அதன் உறைக்குள் அசையக் கூடாது. உறை வெளிப்பெட்டியின் சுவரைத் தொடக் கூடாது. நாமக்கல்லிலிருந்து முட்டை கேரளா வரைக்கும் லாரியில்தான் போகிறது. அந்த அட்டைத் தட்டில் பஞ்சா வைத்திருக்கிறார்கள்? ஒவ்வொரு முட்டையும் தன் குழியை விட்டு நகர முடியாது, அதனால் பிழைக்கிறது. மெத்து மெத்தென்று பத்துச் சுற்று பபுள் ராப் சுற்றிவிட்டு, பெட்டிக்குள் கருவி உருள இடம் விட்டால் அத்தனை சுற்றும் வீண்.

அனுப்பத்தான் வேண்டுமா?

இதை முதலில் யோசியுங்கள். தாத்தா காலத்து வீணை, பரம்பரையாக வந்த நாதஸ்வரம், இன்னொன்று கிடைக்கவே கிடைக்காத பழைய வயலின் இவற்றையெல்லாம் கூரியரில் போடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸிலோ, கோவையிலிருந்து சேரனிலோ ஒரு ஆள் ஏறி, கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதற்கு ஆகும் டிக்கெட் காசு, நல்ல மரப்பெட்டி செய்யும் கூலியைவிடக் குறைவாகவே இருக்கும். கடையில் மறுபடி வாங்க முடிகிற கிட்டார், கீபோர்டு, தபலா, புது மிருதங்கம் என்றால் தாராளமாக அனுப்பலாம்.

கூரியரா, பார்சல் சர்வீஸா?

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான கணக்கு. தரைவழிக்குச் சில நிறுவனங்கள் இன்னும் சின்ன எண்ணால் வகுக்கும். அந்தக் கணக்கில் வருவதும் தராசு காட்டுவதும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

கிட்டார் பெட்டி ஒன்று 115 × 48 × 20 செ.மீ. என்று வையுங்கள். 1,10,400ஐ 5000ஆல் வகுத்தால் 22 கிலோ. தராசில் வைத்தால் ஆறு கிலோகூட வராது. இதைப் பார்த்ததும் பெட்டியைச் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் குறைக்கலாமே என்று தோன்றும். அளவு 105 × 38 × 10 ஆகி, கணக்கு 8 கிலோவுக்கு இறங்கிவிடும். அப்படிக் குறைத்தது அத்தனையும் கருவியைக் காப்பாற்றும் இடைவெளி. காசு மிச்சம் பிடிக்க வேண்டியது அங்கே இல்லை, வண்டியில்.

நம் பக்கம் லாரிக்குப் பஞ்சமில்லை. சங்ககிரி, நாமக்கல், சேலம், ஈரோடு என்று எங்கே பார்த்தாலும் பார்சல் புக்கிங் ஆபீஸ் இருக்கிறது. தரைவழிப் பார்சல் சர்வீஸ்களில் பெரும்பாலும் உருப்படிக்கு இவ்வளவு, அல்லது தராசு எடைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். பெரிய, ஆனால் எடை குறைந்த பெட்டிக்கு இது லாபம். ஆனால் வீட்டு வாசலுக்கு வராது என்பார்கள், பெறுபவர் குடோனுக்குப் போய் எடுக்க வேண்டியிருக்கும். அதுவும் ஒரு விதத்தில் நல்லதே. டெலிவரி பையனின் டூவீலரில் குறுக்கே கட்டப்பட்டு வீணை போகிற காட்சி தவிர்க்கப்படும்.

ஆம்னி பஸ் பார்சல் வேகம், இடையில் கை மாறுவதும் குறைவு. ராத்திரி ஏற்றினால் விடியற்காலையில் எடுத்துக்கொள்ளலாம். பஸ் வந்து சேரும் நேரத்தில் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கோவைக்கும் சென்னைக்கும், சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே நான் முதலில் யோசிப்பது இதைத்தான். ரயில் பார்சலில் மொத்தமாக அனுப்பலாம். ஒற்றைக் கருவிக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம்.

எந்த மாதத்தில்?

கோவில் நோம்பி (திருவிழா) முடிந்ததும் மேளங்களைத் தோல் மாற்ற அனுப்புகிற வழக்கம் பலருக்கு உண்டு. அது சரியாகச் சித்திரை, வைகாசி வெயிலில் போய் விழும். ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரி அடிக்கும்போது, தகரக் கூண்டு போட்ட வண்டி மத்தியானம் நடுரோட்டில் நின்றால் உள்ளே இன்னும் அதிகமாகச் சுடும். தோல் இழுத்துக்கொள்ளும், பசை விடும், வீணை மெழுகு இளகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலோடு பொள்ளாச்சி, கோவைப் பக்கம் வீசும்போது நேர்மாறு: தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். முடிந்தால் மார்கழி முதல் மாசி வரைக்குள் அனுப்புங்கள். முடியாவிட்டால் ராத்திரி கிளம்பும் வண்டியாகக் கேளுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம். திருப்பூர் சரக்கு முழுவதும் அப்போதுதான் ரோட்டில் இருக்கும். சனிக்கிழமை புக் செய்தால் ஞாயிறு முழுக்க குடோனில் கிடக்கும். திங்கள், செவ்வாய் நல்ல நாள்.

கட்டுவதற்கு என்னென்ன

இந்த விஷயத்தில் கொங்குக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. திருப்பூரில் ஏற்றுமதிக்குப் பயன்படும் ஐந்தடுக்கு, ஏழடுக்கு அட்டைப் பெட்டி, கேட்ட அளவில் வெட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. பழைய டிவி பெட்டியைத் தேடி அலைய வேண்டாம்; ஒருமுறை நசுங்கிய அட்டைக்குப் பாதி பலம்தான். இடைவெளியை நிரப்ப பனியன் கட்டிங் வேஸ்ட் அருமையான பொருள். சாயம் ஒட்டாத வெள்ளைத் துணியாகப் பார்த்து, சின்னச் சின்னப் பைகளில் இறுக்கி அடைத்து வைத்தால் எவ்வளவு குலுக்கினாலும் கீழே இறங்காது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நாரைப் போடுவார்கள். நன்றாகக் காய்ந்த நார் என்றால் சரி; ஈர நாரும், நார்க்கழிவுத் தூளும் கருவிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. தெர்மாகோல் உருண்டைகள் வழியில் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும், அதனால் தவிருங்கள்.

கருவியின் உடம்பில் நேரடியாகப் படுவது பழைய பருத்தி வேட்டியோ போர்வையோ ஆக இருக்கட்டும். பபுள் ராப்பை பாலிஷ் மேல் நேராகச் சுற்றினால் வெயிலில் அந்தக் குமிழ் வட்டங்கள் அப்படியே பதிந்துவிடும், துடைத்தாலும் போகாது. துணி, அதன்மேல் பபுள் ராப், கடைசியாக வெளியே மழைக்கு ஒரு பாலிதீன் உறை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாலிதீன் உள்ளே இருந்தால் கருவி புழுங்கும்.

ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு மாதிரி

*கிட்டார்.* உடைவது பெரும்பாலும் கழுத்தும் தலையும் சேரும் இடம். பெட்டி விழும்போது உடம்பு நின்றுவிடும், முறுக்காணி இருக்கிற தலை மட்டும் வேகத்தில் பின்னால் சொடுக்கும். அதனால் கழுத்துக்கு அடியிலும், தலைக்கு மேலும் கீழும் இரண்டு பக்கமும் துணி உருளையை இறுக்கி வையுங்கள். கம்பிகளை ஓரிரு சுரம் கீழே இறக்குங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். கம்பிக்கும் ஃபிரெட் பலகைக்கும் நடுவில் ஒரு அட்டை.

*வயலின்.* உள்ளே சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சி எதனாலும் ஒட்டப்படாமல், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவிலான அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது; கம்பிகளின் இழுப்பு அதற்குத் துணை. எல்லாக் கம்பியையும் தளர்த்தினால் அது சாயலாம், குதிரையும் (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) விழும். கொஞ்சம் மட்டும் இறக்கி, குதிரையின் இரு பக்கமும் மடித்த துணி வையுங்கள். கம்பியின் வால் பக்கம் இருக்கும் சின்னத் திருகாணிகள் அழுந்தி மேல்பலகையைக் கீறும், அங்கேயும் ஒரு துணி. வில்லின் மயிரைத் தளர்த்தி, வில்லைத் தனியாகக் கட்டுங்கள். உறைக்குள் கழன்று விழும் வில்லே போதும் வயலினைச் சுரண்டிவிட.

*வீணை.* அதிக நேரம் எடுப்பது இதற்குத்தான். சுரங்களைப் பிரிக்கும் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்து நிற்கின்றன. தேன்மெழுகு உருகுவது 60 டிகிரிக்கு மேல். ஆனால் 40ஐத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுரம் போய்விடும், மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் சரியாகப் பதிக்க, ஆள் தேட வேண்டும். கோடையில் வீணையை அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

தண்டியின் (நீண்ட கழுத்துப் பகுதி) முனையிலிருக்கும் சுரைக்காயைத் திருகிக் கழற்றி, தனிப் பெட்டியில் கட்டி, அதே பெரிய பெட்டிக்குள் வையுங்கள். ஏழு கம்பிகளையும் தளர்த்துங்கள், ஆனால் குதிரை அசையாத அளவுக்கு இழுப்பு மிச்சம் இருக்கட்டும். பிரடைகள் (முறுக்காணிகள்) கழன்று வராதபடி துணி நாடாவால் சுற்றுங்கள். குடத்தையும் தண்டியையும் தனித்தனியாகச் செய்து சேர்த்த ஒட்டு வீணை என்றால் அந்த இணைப்பு தளரக்கூடிய இடம். ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கு அந்தப் பயம் இல்லை. எதுவானாலும் குடம் மட்டும் தரையில் உட்கார்ந்து தண்டி அந்தரத்தில் நிற்கக் கூடாது. தண்டியின் நீளம் முழுவதற்கும் அடியில் தாங்கல் வேண்டும். யாளி முகத்துக்கு முன்னால் நாலு விரற்கடை வெற்றிடம் விட்டு, அதைச் சுற்றி மட்டும் அடையுங்கள். முகத்தின் மேலேயே எதையும் அழுத்தாதீர்கள்.

வீணைக்கு அட்டைப் பெட்டி போதாது. 12 மி.மீ. பிளைவுட்டில் பெட்டி அடிக்கச் சொல்லுங்கள். மூடியை ஆணியால் அடிக்காமல் ஸ்குரூ போடச் சொல்ல வேண்டும். பெறுபவர் சுத்தியல் போட்டு நெம்புகிற அதிர்ச்சி, வழியில் பட்ட அடியைவிட மோசமாக இருக்கும்.

*மிருதங்கம், தவில்.* இதில் பயம் மரத்துக்கு இல்லை, தோலுக்கு. மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவைப் பசை ஒட்டியிருந்தால் முழுக்கச் சுரண்டி, துடைத்து, காயவிடுங்கள். மறந்தால் பூஞ்சையும் கரப்பானும் பயணத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடும். வாரில் செருகிய கட்டைகளைக் கொஞ்சம் நெகிழ்த்துங்கள். நட்டு போல்ட் வைத்ததென்றால் எல்லாவற்றையும் ஒரே அளவாக ஒரு சுற்று திருப்புங்கள். இரண்டு முகத்துக்கும் அதே அகலத்தில் வட்டமாக வெட்டிய பிளைவுட் அல்லது கெட்டி அட்டையை வைத்துக் கட்டினால், மேலே பாரம் ஏறினாலும் விளிம்பு தாங்கும், நடுவிலிருக்கும் கரணைக்கு (கறுப்புப் பூச்சு) எதுவும் ஆகாது. தவில் குச்சியும் விரல் கூடுகளும் தனி டப்பாவில்.

பறைக்குத் தோல் ஒட்டியே இருப்பதால் தளர்த்த வழியில்லை. இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் படுக்க வைத்து, காற்றுப் போகத் துணியில் சுற்றுங்கள். பம்பை, உறுமி, அண்ணன்மார் கதைக்கு அடிக்கிற உடுக்கை ஆகியவற்றுக்குக் கயிற்றைத் தளர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. ஜமாப் மேளக் குழுக்காரர்கள் நாலைந்து மேளத்தை ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்த்து ஒரே சாக்கில் தைத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். டெம்போவில் கூடவே போகும்போது அது சரி, பார்சலுக்குச் சரிவராது.

*நாதஸ்வரம், புல்லாங்குழல்.* இதற்குப் பதில் ஹார்டுவேர் கடையில் இருக்கிறது. போர்வெல் பூமியான நம் ஊரில் பி.வி.சி. பைப் கிடைக்காத தெரு ஏது? புல்லாங்குழலுக்கு இரண்டங்குலக் குழாய், நாதஸ்வர உடலுக்கு நாலங்குலம். கருவியைத் துணியில் சுற்றிச் செருகி, இரு முனையிலும் துணி அடைத்து, எண்ட் கேப் மாட்டி டேப் ஒட்டுங்கள், பசை போடாதீர்கள். லாரி டயர் ஏறினால் தவிர ஒன்றும் ஆகாது. நாதஸ்வரத்தின் அணசை (அடிப்பக்கத்து விரிந்த வாய்) கழற்றித் தனியாக வையுங்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளிகள் தகர டப்பாவில், பஞ்சு வைத்து.

*கடம்.* மண் பாத்திரம், வேறென்ன சொல்ல. உள்ளே துணிப் பைகளை அடைத்து, வெளியே துணி சுற்றி ஒரு பெட்டி, அந்தப் பெட்டியைச் சுற்றிலும் நாலு விரற்கடை நிரப்பி இன்னொரு பெட்டி. வாய்ப் பக்கம் மேலே.

*ஆர்மோனியம், கீபோர்டு.* ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிக் கொக்கி போட்டு, கட்டைகள் மேல் மடித்த துணி வைத்து மூடியைச் சாத்துங்கள். கீபோர்டுக்கு அது வந்த பெட்டியும் தெர்மாகோலும் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியில் லித்தியம் பேட்டரி இருந்தால் கவுண்டரில் சொல்லிவிட வேண்டும், விமானத்தில் ஏற்ற அதற்குத் தனி விதி உண்டு.

பெட்டியில் வைத்து மூடுவது

வெளிப்பெட்டியின் ஆறு பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். முதலில் அடியில் நிரப்புங்கள், கருவி உறையை வையுங்கள், அப்புறம் நாலு பக்கமும், கடைசியாக மேலே. மூடும்போது மூடியைக் கொஞ்சம் அழுத்தித்தான் மூட வேண்டும். டேப் போடுமுன் தூக்கிக் குலுக்குங்கள். லொடக் என்று சத்தம் வந்தாலோ, எடை ஒரு பக்கம் சாய்வது கையில் தெரிந்தாலோ, திறந்து மறுபடி அடையுங்கள்.

நீளமான பெட்டி எப்போதும் மற்ற மூட்டைகளின் மேல் பாலம் மாதிரிக் கிடத்தப்படும், அதன் நடுவில் இன்னொன்று ஏறும். கிட்டார் பெட்டியின் உட்பக்கம் இரண்டு நீளச் சுவரிலும் மெல்லிய பிளைவுட் பட்டை ஒன்று வைத்தால் நடு ஒடியாது. பிளாஸ்டிக் பெல்ட் போடும்போது அட்டை உள்வாங்கும் அளவுக்கு இழுக்க விடாதீர்கள்.

இன்னொன்று, யாரும் அவ்வளவாகச் செய்வதில்லை: பெட்டிக்குக் கயிற்றில் இரண்டு கைப்பிடி போடுங்கள். பிடிக்க இடமில்லாத பெட்டியைத்தான் உருட்டுவார்கள், எறிவார்கள். கைப்பிடி இருந்தால் தானாகவே தூக்கிப் போவார்கள்.

முகவரியும் போன் நம்பரும் வெளியே இரண்டு பக்கம், உள்ளே ஒரு தாளில். மேல் தாள் கிழிந்து போனால் உள்ளே இருப்பதுதான் கருவியைத் திருப்பிக் கொண்டுவரும். விலையை வெளியே எழுத வேண்டாம்.

புக்கிங் கவுண்டரில்

"ஏனுங்க, உள்ளே என்னங்க?" என்று கேட்பார்கள். "மரச்சாமானுங்க" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். 'பழைய வயலின், சொந்த உபயோகம்' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். பிறகு நஷ்டஈடு கேட்கும் நாளில் பில்லில் எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார்கள்.

'ஓனர்ஸ் ரிஸ்க்' (சேதத்துக்குப் பொறுப்பு சரக்கின் சொந்தக்காரருக்கே) என்று பில்லில் அச்சடித்திருப்பதையும் கவனியுங்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது இது: அதிக மதிப்பை அறிவித்து, அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், சரக்கு சேதமானால் கிடைப்பது கட்டிய கட்டணத்தின் பத்து மடங்கு வரைதான். 300 ரூபாய் கட்டி அனுப்பிய முப்பதாயிரம் ரூபாய் கருவிக்கு 3,000 ரூபாய். அதனால் மதிப்பை அறிவித்து, ரிஸ்க் கட்டணத்தைக் கட்டி, ரசீதில் அது ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். பழைய கருவிக்குக் கடை பில் இருக்காது; அனுப்புவதற்கு முன்பே கருவி செய்பவர் ஒருவரிடம் மதிப்பு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்: கருவியின் நாலு பக்கம், ஏற்கெனவே இருக்கும் கீறல்கள், சீரியல் நம்பர், குலுக்கிப் பார்ப்பது, டேப் ஒட்டுவது வரைக்கும்.

விற்பனைக்கு அனுப்புபவர்கள்: நம் நாட்டுக் கைவினை இசைக்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கிட்டார், கீபோர்டுக்கு உண்டு. வரி உள்ள சரக்குக்கு இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) வேண்டும்: வெளி மாநிலம் என்றால் 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல். சொந்தமாகப் பயன்படுத்திய வீட்டுப் பொருளுக்கு அது தேவையில்லை, 'பயன்படுத்தியது' என்று எழுதியிருந்தால் வழியில் சோதித்தாலும் பேச்சு வராது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதென்றால்

மரப்பெட்டியில் பிளைவுட் அல்லாத முழு மரச் சட்டம் இருந்தால், 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச முத்திரை வேண்டும். பிளைவுட்டுக்கு வேண்டாம், அதனால் முழுக்கப் பிளைவுட்டிலேயே செய்துவிடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுங்கத்தில் தோலையும் மரத்தையும் துருவிப் பார்ப்பார்கள். மண், பூச்சி ஓட்டை, ரவைப் பசை எதுவும் இருக்கக் கூடாது. ஈட்டி மரப் பாகம் உள்ள கிட்டாருக்கு 2017இல் வந்த சர்வதேச அனுமதிக் கெடுபிடி, முடிந்த நிலையில் உள்ள இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து தளர்ந்துவிட்டது. பழைய வீணையில் யானைத் தந்தமோ மான் கொம்போ பதித்திருந்தால் வேறு கதை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதைத் தொடும். வெளிநாடு மட்டுமில்லை, உள்ளூருக்குள்ளும் வனத்துறையைக் கேட்காமல் அனுப்பக் கூடாது.

பெறுபவருக்குச் சொல்லி வைக்க வேண்டியவை

பெட்டி நசுங்கியோ நனைந்தோ வந்தால், கையெழுத்துப் போடும் தாளிலேயே 'பெட்டி சேதம்' என்று எழுதிவிட்டுத்தான் வாங்க வேண்டும். திறப்பதை வீடியோ எடுக்க வேண்டும். விமானத்திலோ மழையிலோ வந்த கருவியை உடனே திறந்து சுருதி கூட்டாமல், அரை நாளாவது அறைச் சூட்டில் விட்டுவிட்டு, அப்புறம் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது நல்லது. மேளத்துக்கும் அதேதான்.

சேதம் என்றால் பெட்டி, அட்டை, துணி எதையும் தூக்கிப் போடக் கூடாது. விசாரிக்க வருகிறவர் அதைத்தான் கேட்பார். அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார், பதில் வராவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ். சாலைவழிச் சரக்குக்கு, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருட அவகாசம் உண்டு. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் ஈரோட்டுக்காரர் ஈரோட்டிலேயே போடலாம்.